ஒன்றும் நடக்காத சேனல்

என் மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து படுத்தபடுக்கையானபோது, டிவி சீரியல்கள் இரண்டே வாரத்தில் சலித்துவிட்டன. "அழுகிறவள் அழுதுகொண்டே இருக்கிறாள்" என்று ரிமோட்டைத் தள்ளிவிட்டார். விடுமுறைக்கு வந்திருந்த என் மகன் டேப்லெட்டில் ஒரு நேரலையைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினான். பச்சைப் புல்மேடு. நடுவில் சோற்றுப் பானை அளவுக்கு ஒரு வெள்ளைப் பஞ்சு மூட்டை. அரை மணி நேரத்தில் அந்த மூட்டை ஒரே ஒரு முறை கொட்டாவி விட்டது. அணைக்கப் போனேன். "இருக்கட்டும்மா" என்றார் அத்தை. அது மார்ச் கடைசி. செப்டம்பர் வரை நாங்கள் அதை அணைக்கவில்லை.

நேரலையின் பெயர் ராயல் கேம். நியூசிலாந்து அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறையும் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் சேர்ந்து நடத்துகிறார்கள். டனிடின் நகருக்குப் பக்கத்தில், ஒட்டாகோ தீபகற்பத்தின் நுனியில் தையரோவா முனை என்று ஓர் இடம். அங்கே கூடு கட்டும் அல்பட்ராஸ் என்ற கடற்பறவைகளில் ஒரு குடும்பத்தை 2016 முதல் ஆண்டுதோறும் இப்படிக் காட்டுகிறார்கள். கட்டணம் கிடையாது. சிறகை விரித்தால் மூன்று மீட்டர் வரும் பறவை இது. எங்கள் கூடத்தின் அகலமே அவ்வளவுதான்.

பார்க்க நினைப்பவர்கள் முதலில் கடிகாரத்தைக் கவனிக்க வேண்டும். நியூசிலாந்து நம்மைவிட ஆறரை மணி நேரம் முந்தி இருக்கிறது. அவர்களுடைய கோடையில் ஏழரை. நாம் காலைக் காப்பி குடிக்கும்போது அங்கே நண்பகல் தாண்டியிருக்கும். ஜூன் மாதத்தில் நம் காலை பத்தரைக்கெல்லாம் அங்கே இருட்டிவிடும். அதற்குப் பிறகு அகச்சிவப்பு ஒளியில் கறுப்பு வெள்ளைப் படம்தான். எங்கள் வீட்டில் காலை டிபன் அதனாலேயே ஒரு மணி நேரம் முன்னுக்கு வந்துவிட்டது.

இனி உணவூட்டும் காட்சி. இந்தச் சேனலின் உயிரே அதுதான், அதற்காகச் சில சமயம் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். குஞ்சு பொரிந்து ஐந்தாறு வாரம் வரை தாயும் தந்தையும் மாறி மாறிக் காவல் இருக்கும். அதன்பின் இரண்டுமே கடலுக்குப் போய்விடும். குஞ்சு தனியாக உட்கார்ந்திருக்கும், மழையிலும். பிறகு ஒரு நாள் சட்டகத்தின் ஓரத்திலிருந்து பெரிய பாதங்களைத் தப்புத் தப்பென்று வைத்துக்கொண்டு ஒன்று நடந்து வரும். குஞ்சு அதன் அலகைப் பக்கவாட்டில் தட்டும். மீண்டும் தட்டும். பெரியது தலையைத் தாழ்த்தி, கழுத்தை இரண்டு மூன்று முறை குலுக்கி, வாயைத் திறக்கும். குஞ்சு தன் அலகை அதற்குள் குறுக்காகக் கொடுக்க, கணவாயும் மீனும் எண்ணெயுமாகக் கூழ் இறங்கும். ஒரு சொட்டு வெளியே சிந்தாது. கால் மணி நேரத்தில் விருந்தாளி திரும்பிப் போய்விடும்.

அத்தை கூந்தன்குளத்துக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவர். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. "கூழைக்கடாவும் இப்படித்தான் ஊட்டும். ஆனால் அதன் குஞ்சு ஆத்தாள் தொண்டைக்குள் தலையையே விட்டுவிடும். இது நாகரிகமாகச் சாப்பிடுகிறது" என்றார். குஞ்சுக்குப் பொதுமக்கள் வாக்களித்து, அந்நாட்டுப் பழங்குடியினரின் மாவோரி மொழியில் பெயர் வைக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதன் பெயர் குண்டன். ஒரு கட்டத்தில் குஞ்சின் எடை பெற்றோரையே மிஞ்சிவிடும், ஆகவே பெயர் பொய்யில்லை. பெற்றோருக்குப் பெயர் கிடையாது. கால் வளையங்களின் நிறத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள்தான்.

வனக்காவலர்கள் முறை வைத்து வந்து குஞ்சைத் தூக்கி எடை போடுகிறார்கள். எடை குறைந்தால் மீன் ஊட்டுகிறார்கள். குண்டன் அலகைக் கடகடவென்று அடித்து எதிர்ப்புத் தெரிவிப்பான். இயற்கையில் மனிதன் கை வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இது பிடித்திருக்கிறது. கழுகுக் கூட்டு நேரலை ஒன்றை முன்பு பார்த்து, பெரிய குஞ்சு சின்னதைக் கொத்துவதைத் தாங்க முடியாமல் மூடியவள் நான். தவிர, இந்த முனையில் பறவைகள் இருப்பதே ஒரு மனிதர் கை வைத்ததால்தான். முட்டைகளும் குஞ்சுகளும் மனிதர்களாலும் நாய்களாலும் அழிந்துகொண்டிருந்த காலத்தில், லான்ஸ் ரிச்டேல் என்பவர் அங்கேயே கூடாரம் போட்டுக் காவல் காத்தார். 1938இல் முதல் குஞ்சு பறந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. அந்த முனையில் காற்று சும்மா இருப்பதில்லை. ஒலியைக் குறைக்காவிட்டால் வீட்டுக்குள் புயல் அடிப்பதுபோல் இருக்கும். மழைத்துளி லென்ஸில் விழுந்தால் அது காயும்வரை குண்டன் கலங்கிய ஓவியம்தான். குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில். அத்தைக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர், சம்பளமில்லாமல். எங்கள் தெரு இணைய இணைப்போ, தந்தைப் பறவை தரையிறங்கும் நேரம் பார்த்துச் சுழல ஆரம்பிக்கும். படத்தின் தரத்தைக் குறைத்து வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். புல்லுக்கு அவ்வளவு துல்லியம் வேண்டாம்.

ஆகஸ்டில் பஞ்சு உதிர்ந்து இறகு வந்தது. குண்டன் மேட்டில் நின்று சிறகை விரித்துப் பார்ப்பான். காற்று ஓர் அடி தூக்கிவிடும். "ஏலே, பார்த்து!" என்று அத்தை கட்டிலிலிருந்து கையை நீட்டுவார். செப்டம்பர் நடுவில் ஒரு காலை நான் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். திரும்பியபோது திரையில் புல் மட்டும். "காற்று வந்தது, ஏறிப் போய்விட்டான்" என்றார். நேரலையைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். நாலு தப்படி ஓட்டம், சிறகு விரிகிறது, சட்டகத்தை விட்டு வெளியே. ஐந்து நொடி இருக்கலாம். கற்றுக்கொடுக்கத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் காற்றிரைச்சலுக்காகக் கழித்தது.

நவம்பரில் அங்கே வேறு ஜோடி முட்டையிடத் தொடங்கிவிடும். குண்டனின் பெற்றோர் அடுத்த ஓராண்டைக் கடலிலேயே கழித்துவிட்டுத்தான் மறுபடி வருவார்கள். புது ஜோடியில் அத்தைக்கு அக்கறை இல்லை. "அவர்கள் யாரோ. நம் பையன் எங்கே?" என்றார். பசிபிக்கைக் கடந்து தென் அமெரிக்காப் பக்கம் போவான், கரைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அந்தக் கடலில் ஒரு கேமரா வைக்க மாட்டார்களா?"