போனில் இருக்கும் உலகக் கடிகாரம்: ஆம்பூர்–ஜெர்மனி வேலைக்கு எவ்வளவு உதவும்?

பழைய வட ஆற்காட்டின் தோல் ஊர்களில், ஆம்பூரோ ராணிப்பேட்டையோ, ஷூ கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு "அங்கே இப்போ மணி என்ன?" என்பது தினசரிக் கேள்வி. ஆண்ட்ராய்டு போனில் வரும் கூகுள் கடிகார ஆப் இதற்கு இலவசமாகக் கிடைக்கிறது. மணி பார்க்க நல்ல கருவி. அதை நம்பி வேலையைத் திட்டமிட்டால்தான் இடிக்கும்.

கடிகாரப் பக்கத்தில் + குறியைத் தொட்டு ஊர்ப் பெயரை அடித்தால் வேலை முடிந்தது. பையர், அதாவது நம் ஷூவை வாங்கும் கம்பெனி, இருப்பது ஜெர்மனியின் பிர்மாசென்ஸ் போன்ற பழைய ஷூ ஊராக இருந்து பெயர் வராவிட்டால் பெர்லின் போடுங்கள். ஜெர்மனி முழுக்க ஒரே நேரம். நகரப் பெயரைத்தான் எடுக்க வேண்டும். வேறு கடிகாரங்களில் 'ஜிஎம்டி +1' (கிரீன்விச் நேரத்தைவிட ஒரு மணி முன்னால்) என்று வைத்தால் கோடையில் ஒரு மணி நேரம் பிசகும்.

காரணம், நமக்கு வருடம் முழுக்க ஒரே நேரம், அவர்களுக்கு இரண்டு. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் மூன்றரை மணி, மீதி மாதங்களில் நாலரை. 2026-ல் மார்ச் 29, அக்டோபர் 25. மாற்றம் நடப்பது நம் ஊர் ஞாயிறு காலை 6:30-க்கு; திங்கட்கிழமைதான் குழப்பம் தெரியும். அமெரிக்க பையரும் இருந்தால் இன்னும் கஷ்டம்: அவர்கள் மார்ச் இரண்டாம் ஞாயிறே மாறிவிடுவார்கள்.

ஆப்பின் பெரிய குறை அலாரம். அது நம் நேரத்தில் மட்டும்தான் அடிக்கும். அங்கே காலை 8-க்கு ஆபீஸ் திறக்கும்போது பேச 11:30-க்கு தினசரி அலாரம் வைத்தால், அக்டோபர் 26 அன்றும் அதே 11:30-க்கு அடிக்கும். அங்கே அப்போது மணி 7. ஆளே இருக்காது. இதற்கு கூகுள் காலண்டர்தான் மருந்து: நிகழ்வை உருவாக்கும்போது நேர மண்டலத்தைத் தொட்டு பெர்லின் எடுங்கள், 8:00 என்று போடுங்கள், தினமும் வரும்படி வையுங்கள். மாற்றம் வந்ததும் நம் பக்கம் தானாக 12:30 ஆகிவிடும்.

அடுத்தது, மணி தெரிந்தாலும் ஆள் இருப்பாரா என்பது. அதை எந்தக் கடிகாரமும் சொல்லாது. கோடையில் அவர்களின் 12 மணி சாப்பாடு நமக்கு 3:30, குளிர்காலத்தில் 4:30. நம் சாப்பாடு 1 முதல் 2. ஆகவே அப்பர் (ஷூவின் மேல்பகுதி) அளவு, தோல் நிறம், லாஸ்ட் (ஷூ செய்யும் கால் வடிவ அச்சு) மாற்றம் என்று நிதானமாகப் பேச வேண்டியதை 2 மணிக்கே ஆரம்பிப்பது நல்லது. வெள்ளிக்கிழமை தனிக் கதை. இங்கே ஜும்மா முடிந்து ஆட்கள் சீட்டுக்கு வர 2 தாண்டும். அங்கே பல ஆபீஸ்களில் மதியத்தோடு வேலை முடிந்துவிடும். சாம்பிள் ஓகே வாங்குவதை வெள்ளிக்குத் தள்ளினால் பெரும்பாலும் திங்கட்கிழமைதான் பதில். ரமலானில் இஃப்தாருக்கு நம் பக்கமும் சீக்கிரம் கிளம்புவார்கள். குளிர்கால நேரத்தில் அந்த மாதம் வந்தால் இருவரும் சீட்டில் இருக்கும் நேரம் இன்னும் சுருங்கும்.

சுவரில் இரண்டு கடிகாரம் மாட்டும் வழக்கமும் பல ஆபீஸ்களில் உண்டு. பார்க்க ஜோர். வருடத்துக்கு இரண்டு தடவை யாராவது நாற்காலி போட்டு ஏறித் திருப்ப வேண்டும், அந்த யாராவது மறந்துவிடுவார்.

மதிப்பெண்: ஆப்புக்கு 5-க்கு 3, காலண்டரோடு சேர்த்தால் 4.

விடுமுறைக்கு மட்டும் பெர்லினை நம்பாதீர்கள். பிர்மாசென்ஸ் இருக்கும் ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலத்தில் நவம்பர் 1-ம், ஈஸ்டருக்கு 60 நாள் கழித்து வரும் கார்பஸ் கிறிஸ்டி என்ற கிறிஸ்தவப் பண்டிகை வியாழனும் விடுமுறை. பெர்லினில் இரண்டும் கிடையாது. 2026-ல் அந்த வியாழன் ஜூன் 4. மறுநாள் வெள்ளியும் லீவு போடுபவர்கள் உண்டு என்பதால், கூரியர் 3-ம் தேதிக்குள் அங்கே சேரும்படி அனுப்புங்கள்.