பாரிஸ் பாணி உடுப்பு, கொழும்பு விலை: லைனிங் எட்டிப் பார்க்கும் கவுண்

பாரிஸ் லாச்சப்பலில் இருக்கும் மச்சாளிடம் சொல்லி செசான் என்ற பிரெஞ்சுக் கம்பனியின் பிளவுஸ் ஒன்று எடுப்பிக்கவா, இல்லை நீ உடுத்துகிற மாதிரி இங்கேயே தேடவா என்று ஒரு தோழி கேட்டாள். ஃபோனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. செசான், அதைப் போன்ற இன்னொரு பிரெஞ்சுக் கம்பனியான ரூஜ், இவற்றின் உடுப்புகள் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள்தான் இதை வாசிப்பீர்கள். ஒரு பிளவுஸ் 100 யூரோவைச் சுற்றி வரும். நம் காசில் 30,000 ரூபாய்க்கு மேல். எனக்கு வேண்டியது அந்த வெட்டும் கொலரும்தான், பெயர் இல்லை.

இலங்கையின் பொருள் ஏற்றுமதியில் முதலிடம் உடுப்புக்குத்தான். வெளிநாட்டுக்கென்று காமென்டில், அதாவது உடுப்பு ஆலையில், தைத்து மிஞ்சியதும் கழித்ததும் கொழும்புக் கடைகளுக்கு வருகின்றன. என் அலுமாரியில் பாதி அப்படி வந்தது.

கோடு போட்ட ரீசேர்ட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் குறையே இல்லை. பிரெஞ்சுக் கடற்படை 1858இல் மாலுமிகளுக்கென்று விதித்த உடுப்பு அது. உடம்பில் 21 வெள்ளைக் கோடு, ஒவ்வொன்றும் நீலக் கோட்டைவிட இரண்டு மடங்கு அகலம். இப்போது யாரும் கோட்டை எண்ண வேண்டாம், பக்கத் தையலைப் பாருங்கள். முன்பக்கக் கோடு பின்பக்கக் கோட்டோடு நேராகப் போய்ச் சேர்ந்தால் எடுங்கள். ஏறி இறங்கியிருந்தால் அதே சாமான் புறக்கோட்டையில் இன்னும் மலிவு. பிளவுசும் அப்படித்தான்: உள்ளே புரட்டினால் பிசிர் ஒன்றும் தெரியக்கூடாது, துணியின் விளிம்பை மடிப்புக்குள் வைத்து இரண்டு தரம் தைத்திருக்க வேண்டும். என்னுடைய கொலர் பிளவுஸ் அப்படித் தைத்தது. எத்தனையோ தோய்ப்புக்குப் பிறகும் கொலர் நுனி சுருளவில்லை. செசானை விடுங்கள், எந்தக் கடைக்கும் அது குறைந்ததில்லை.

அப்புறம் அந்தக் கவுண். சுற்றிக் கட்டுகிற வகை, சின்னப் பூப்போட்டது, காலி வீதியில் ஒரு கடையில் எடுத்தது. விழுந்த விதத்தைப் பார்த்து மனம் நிறைந்துபோனது. கையால், பச்சைத் தண்ணீரில்தான் தோய்த்தேன். காய்ந்ததும் மேல்துணி சுருங்கிவிட்டது, லைனிங் சுருங்கவில்லை. கீழே இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை லைனிங் எட்டிப் பார்க்கிறது. அயன் பண்ணி இழுத்தால் கொஞ்சம் இறங்கும். பஸ்ஸில் வியர்த்து இருந்து எழும்பினால் திரும்ப ஏறிவிடும். ஒவ்வொரு முறையும் இதே கதை.

மேல்துணி ரயோன், அதாவது விஸ்கோஸ். ஆலையில் இழுத்துப் பிடித்தே முடிக்கப்பட்ட துணி, தண்ணீர் பட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்புகிறது. லைனிங் பொலியஸ்டர், அதற்குத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. இதையெல்லாம் சொல்ல வேண்டிய லேபலைத்தான் வெட்டி எடுத்திருக்கிறார்கள். கம்பனிப் பெயர் தெரியக்கூடாதென்று கழுத்து லேபலை வெட்டுவது சரி. இடுப்புக்குள் தைத்திருக்கிற, என்ன துணி, எப்படித் தோய்ப்பது என்று சொல்கிற அந்தத் துண்டு யாருக்கு என்ன செய்தது? கேட்டால் "கொட்டன்தான் மிஸ்" என்கிறார்கள். தெரியாமல் சொன்னாலும் தெரிந்து சொன்னாலும் காசு போவது வாங்குகிறவளுக்கு.

இப்போது எந்தக் கவுண் எடுத்தாலும் உள் தையலிலிருந்து ஒரு நூலை உருவிப் பார்க்கிறேன். கொளுத்திப் பார்ப்பதால் பாதிதான் தெரியும்: பொலியஸ்டர் உருகிக் கட்டியாகும், கொட்டனும் ரயோனும் இரண்டுமே கடதாசி போல எரியும். நூலின் நடுவில் நாக்கு நனைத்து இழுத்தால் மீதி தெரியும். ரயோன் ஈரமான இடத்திலேயே பட்டென்று அறும், கொட்டன் லேசில் அறாது.

வெள்ளவத்தையில் எனக்குத் தைக்கிற அக்காவிடம் அந்தக் கவுணையே மாதிரியாகக் கொடுத்தேன். புறக்கோட்டையில் எடுத்த ரயோனையும் லைனிங்குக்கு மெல்லிய கொட்டனையும் இரவு முழுக்க ஊறப்போட்டு, காயவைத்து, பிறகுதான் வெட்டினார். இன்றுவரை ஒரு நூல்கூட ஏறவில்லை, எட்டிப் பார்க்கவும் இல்லை. துணியும் கூலியும் சேர்த்துக் கடைக் கவுணைவிடக் கொஞ்சம்தான் கூட. தீபாவளிக்கு முன் கொடுத்தால் மட்டும் எப்போது கைக்கு வரும் என்று கேட்காதீர்கள். கொலரும் காமென்டில் தைத்ததுபோல இருக்காது, அது வேறு மெஷின், வேறு கை.

ஆகவே தோழி, பிளவுசுக்கும் ரீசேர்ட்டுக்கும் மச்சாளைக் கஷ்டப்படுத்தாதே, இங்கேயே எடு. கவுண் என்றால் துணி எடுத்துத் தைப்பி. இவ்வளவு நல்ல சாமான் வைத்திருக்கிற அந்தக் காலி வீதிக் கடையைப் பற்றி இப்படிச் சொல்வது நியாயமா என்று யோசித்தேன். நேற்றும் அலுவலகத்தில் ஒருத்தி "அக்கா, உள்பாவாடை தெரியுது" என்றாள். அந்த லேபலை வெட்டுவதை நிறுத்தும்வரை அங்கே கவுண் எடுக்காதே.