பைதான் டிக்ஷனரியில் சாவி தேட மூன்று வழி: எதை நம்பலாம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்துச் சம்பளக் கணக்கு போடும் ஒரு புரோகிராமைப் பார்த்துக்கொள்கிறேன். குலைக்கான ரேட்டுகள் பைதான் டிக்ஷனரியில் (சாவியைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் பட்டியலில்) இருக்கின்றன; அதில் தேடும் பகுதி மட்டும் வேகத்துக்காக சி-யில் எழுதியது. போன மாதம் ஒரு பிளாக்கில் வெட்டியவர்கள் எல்லாருக்கும் அடிப்படை ரேட்டே விழுந்திருந்தது. கிராணி (தோட்டத்து எழுத்தர்) பேப்பரை நீட்டி, "தம்பி, இந்த பிளாக்குக்கு ரேட் கூட. பட்டியல்லயே இருக்கே?" என்றார்.

இருந்தது. தோட்டத்தின் பெயரையும் பிளாக் எண்ணையும் டியூப்பிளாக (மாற்ற முடியாத தொகுப்பாக) சாவியாகக் கொடுக்க வேண்டிய இடத்தில் லிஸ்டாகக் கொடுத்திருந்தேன். லிஸ்டுக்கு ஹேஷ் (டிக்ஷனரி சாவியைத் தேடப் பயன்படுத்தும் எண்) கிடையாது. டைப்எரர் வர வேண்டும். நான் கூப்பிட்ட பைடிக்ட்_கெட்ஐட்டம் என்ற சி ஃபங்ஷன் அந்த எரரை விழுங்கிவிட்டு வெறும் நல்-ஐ (எதையும் சுட்டாத வெற்றுப் பாயிண்டரை) திருப்பியது. சாவி இல்லாவிட்டாலும் அதே நல்தான். என் கோடு 'ரேட் இல்லை போல' என்று அடிப்படை ரேட்டைப் போட்டுவிட்டது. பைதான் 3.13 முதல் இந்த எரர் அன்ரெய்சபிள்ஹூக் (கூப்பிட்டவரிடம் திருப்ப முடியாத எரரை அறிவிக்கும் வசதி) வழியாகத் திரையில் தெரியும். ஆனால் கையில் வருவது அப்போதும் நல்தான். பைடிக்ட்_கெட்ஐட்டம்ஸ்ட்ரிங்குக்கும் இதே வியாதி.

பைடிக்ட்_கெட்ஐட்டம்வித்எரர் எரரை மறைக்காது. ஆனால் இதுவும் நல்-தான் தரும். சாவி இல்லையா, தேடலே தோற்றதா என்பதை பைஎரர்_அக்கர்ட் மூலம் நாமே கேட்க வேண்டும். கேட்க மறந்தால் எரர் அப்படியே தொங்கிக்கொண்டிருந்து, சம்பந்தமில்லாத இடத்தில் சிஸ்டம்எரராக வெடிக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு அதைத் துரத்துவது கொடுமை.

3.13-இல் வந்த பைடிக்ட்_கெட்ஐட்டம்ரெஃப்தான் என் கட்சி. கிடைத்தால் 1, இல்லையென்றால் 0, எரர் என்றால் -1. குழப்பத்துக்கே இடமில்லை. இன்னொன்று: முதல் இரண்டும் இரவல் ரெஃபரன்ஸ் (பொருளை உயிரோடு வைத்திருக்காத பிடி) தருபவை; நாம் பிடித்திருக்கும்போதே வேறு த்ரெட் (அதே புரோகிராமில் கூடவே ஓடும் இன்னொரு வேலை) அந்தப் பதிவை அழித்தால் செத்த பாயிண்டர்தான் மிஞ்சும். ஜிஐஎல் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் பைதான் கோடை ஓட்டவிடும் பூட்டு) இல்லாத பில்டில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். கெட்ஐட்டம்ரெஃப் தருவது சொந்த ரெஃபரன்ஸ். வேலை முடிந்ததும் பை_டெக்ரெஃப் போட வேண்டும், மறந்தால் மெமரி கசியும். அந்தத் தொல்லை எனக்குப் பரவாயில்லை. பழைய பைதானுக்கும் ஓட வேண்டுமா? பைதான்சிஏபிஐ-கம்பாட் ஹெடரைச் சேர்த்தால் இதே ஃபங்ஷன் அங்கேயும் கிடைக்கும்.

மாற்றி ஓட்டிய அன்றைக்கே -1 வந்து புரோகிராம் நின்றது. இன்னும் இரண்டு பிளாக்குகளுக்கு லிஸ்ட் சாவியே போய்க்கொண்டிருந்திருக்கிறது.