நீச்சல் குளத்துப் பம்ப்: எந்த வேகத்தில், எவ்வளவு நேரம்? செட்டிநாட்டு வீடு ஒன்றின் அனுபவம்

கானாடுகாத்தானை அடுத்த எங்கள் ஊரில், பழைய வீட்டின் பின்கட்டுக்கு அப்பால் உள்ள தோட்டத்தில் இருக்கும் நீச்சல் குளம் எட்டு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் உடையது. சராசரி ஆழம் 1.4 மீட்டர் என்பதால் ஏறத்தாழ 45,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தொடக்கத்தில் ஒரே வேகத்தில் ஓடும் ஒரு குதிரைத்திறன் பம்ப் இருந்தது. பிறகு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பம்ப்புக்கு மாறினோம். இரண்டையும் எல்லாப் பருவங்களிலும் ஓட்டிப் பார்த்ததில், மெதுவாக நெடுநேரம் ஓட்டுவதே தண்ணீருக்கும் மின்கட்டணத்துக்கும் நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் எல்லா வேலையும் மெதுவான ஓட்டத்தில் நடந்துவிடாது.

காரணம் எளிது. சுழற்சி வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் தண்ணீரின் ஓட்டமும் பாதியாகக் குறைகிறது. தேவைப்படும் திறனோ எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. அதே தண்ணீரைச் சுற்றிவர இரண்டு மடங்கு நேரம் ஆனாலும், செலவாகும் மின்சாரம் கால் பங்குதான். இது கணக்கு, நடைமுறையில் மோட்டாரின் இழப்புகளால் ஆதாயம் சற்றுக் குறையும். எங்கள் பம்ப் நிமிடத்துக்கு 2,900 சுற்றில் மணிக்குச் சுமார் 15,000 லிட்டர் தள்ளி 1.1 யூனிட் எடுக்கிறது. 1,450 சுற்றில் அதில் பாதித் தண்ணீரைத் தள்ளி, 0.2 யூனிட் அளவில் நின்றுவிடுகிறது. பழைய பம்ப்பை நாளுக்கு எட்டு மணி நேரம் ஓட்டியபோது, இரண்டு மாதக் கணக்கில் அது மட்டுமே 500 யூனிட்டைத் தாண்டும். இப்போது நாளுக்கு மூன்று யூனிட் போதுமானதாக இருக்கிறது. நம் வீட்டு மின்கட்டணம் யூனிட் ஏற ஏற விகிதமும் ஏறும் முறையில் இருப்பதால், இந்த வேறுபாடு பில்லில் இன்னும் பெரிதாகவே தெரிகிறது.

மெதுவான ஓட்டத்துக்குப் பிடிபடாத வேலைகளில் முதன்மையானது மேற்பரப்பைச் சுத்தம் செய்வது. சித்திரையில் வேப்பம்பூ உதிரும் நாட்களில், விடிந்து பார்த்தால் குளத்தின் மேல் வெளிர்மஞ்சளாக ஒரு படலம் பரவியிருக்கும். 1,450 சுற்றில் அது ஸ்கிம்மரின் (மேலே மிதக்கும் குப்பையை இழுத்துக்கொள்ளும் திறப்பின்) வாய்வரை வந்து, உள்ளே போகாமல் அங்கேயே மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும். தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர்தான் முதலில் சொன்னார்: "ஐயா, வெயில் ஏறுறதுக்குள்ள இழுத்துடணும், இல்லேன்னா ஊறி அடியில போயி உக்காந்துக்கும்." அதனால் காலை ஆறு மணி முதல் ஒரு மணி நேரம் 2,400 சுற்றிலும், அதன்பின் மாலை ஐந்துவரை 1,450 சுற்றிலும் ஓடும்படி டைமரை அமைத்திருக்கிறோம். அடித்தரையை வாக்குவம் செய்வதற்கும், ஃபில்டரில் உள்ள மணலைத் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவும் பேக்வாஷுக்கும் முழு வேகம் வேண்டும்; மெதுவான ஓட்டத்தில் அந்த மணல் கிளறிப் புரளாது, அழுக்கு உள்ளேயே தங்கிவிடும்.

ஃபில்டரின் பிரஷர் மீட்டரை மெதுவான வேகத்தில் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வேகம் பாதியானால் அழுத்தம் கால் பங்காகும். முழு வேகத்தில் சுத்தமான மணலுக்கு 12 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) காட்டும் முள், 1,450 சுற்றில் மூன்றை ஒட்டியே நிற்கும். மணல் அடைத்திருந்தாலும் அங்கே அசைவு அவ்வளவாகத் தெரியாது. வாரம் ஒருமுறை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்து, சுத்தமான அளவைவிட எட்டு முதல் பத்து பிஎஸ்ஐ கூடியிருந்தால் பேக்வாஷ் செய்வதே சரி.

ஆடிக் காற்றில் வரும் செம்மண் தூசியைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். அது களிமண் சேர்ந்த நுண்தூள். வேகமாக ஓட்டினால் மணலினூடே புகுந்து திரும்பவும் குளத்துக்கே வந்துவிடுகிறது. மெதுவாகச் செல்லும் தண்ணீரிலிருந்தே மணல் அதை நன்றாகப் பிடிக்கிறது. காற்று ஓயும்வரை வேகத்தைத் தொடாமல், இரவிலும் 1,450 சுற்றிலேயே ஓடவிடுகிறோம். பலத்த மழையில் தோட்டத்து மண் கரைந்து குளத்தில் இறங்கும் நாட்களிலும் இதே முறைதான். மார்கழி, தை மாதங்களில் தண்ணீர் குளிர்ந்து பாசி வளர்வது மந்தப்படுவதால், ஆறு மணி நேரமே போதும்.

குளோரினை நாங்கள் பொழுது சாய்ந்த பிறகே இடுகிறோம். வெயில் அதை விரைவில் அழித்துவிடும். இட்ட பிறகு ஒரு மணி நேரம் பம்ப் ஓடினால்தான் அது எல்லா மூலைக்கும் பரவும். காலையில் சோதிக்கும்போது ஒன்று முதல் மூன்று பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு) இருந்தால், ஓடும் நேரத்தைக் கூட்ட வேண்டியதில்லை.

இவ்வகைப் பம்ப்பின் விலை சாதாரணப் பம்ப்பைவிட மிக அதிகம். ஆண்டு முழுவதும் ஆள் குடியிருக்கும் வீட்டுக்கும், விருந்தினர் தங்கும் வீட்டுக்கும் அந்தப் பணம் திரும்பிவிடும். ஆனால் நம் பக்கத்தில் பல வீடுகள் கல்யாணம், முன்னோருக்கான படைப்பு என்று ஆண்டில் சில நாட்களே திறக்கப்படுகின்றன. பூட்டிய வீடு என்பதற்காகக் குளத்தை அப்படியே விட்டுவிடவும் முடியாது. தேங்கிய நீரில் சில நாட்களிலேயே பாசியும் கொசுப்புழுவும் வந்துவிடும். அத்தகைய வீட்டில் குளத்தை மூடியிட்டு, குறைந்த வேகத்தில் நாளுக்கு நான்கு மணி நேரம் ஓட்டி, குளோரின் அளவைப் பார்க்க ஓர் ஆளை வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. வீடு திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே பேக்வாஷ் செய்து, வழக்கமான நேரத்துக்கு டைமரை மாற்றிவைக்கச் சொல்லிவிட வேண்டும்.