பழைய காருக்கு மாஸ்டர் சிலிண்டர்: கிட் போட்டால் போதுமா, முழுசாக மாற்றணுமா?

என் மாருதி 800-இல், மிதியை அழுத்தும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் போனபோது முழு அசெம்பிளியாகவே புதுசு வாங்கிப் போட்டேன். பட்டறையில் முதலில் சொன்னது வேறு. "வாஷர் கிட்டு மாத்துனாப் போதும்ணே, நல்லா ஓடும்" என்றார் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மதுரை திலகர் திடல் சந்தையில் பழைய சிலிண்டர் கிடைக்கும், எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனையும் வந்தது. இந்த மூன்று வழியில் எது சரி என்பதுதான் கேள்வி.

பழுது மாஸ்டர் சிலிண்டரில்தான் என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். காளவாசல் சிக்னலில் நிற்கிறீர்கள், பிரேக் மிதியை லேசாக, ஒரே அழுத்தத்தில் வைத்திருக்கிறீர்கள். மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. இரண்டு தடவை வேகமாக மிதித்தால் மறுபடி கெட்டியாகிவிடுகிறது. டப்பாவில் பிரேக் ஆயில் அளவோ குறையவே இல்லை. அப்படியானால் ஆயில் வெளியே போகவில்லை, சிலிண்டருக்குள்ளேயே, பிஸ்டனில் மாட்டியிருக்கும் ரப்பர் கப்பைத் தாண்டிப் பின்னால் நழுவுகிறது. ஆயில் குறைந்துகொண்டே வந்து, நாலு சக்கரத்திலும் ஈரமே இல்லை என்றால் சிலிண்டரின் பின்பக்க சீல் போயிருக்கலாம். சிலிண்டரைக் கழற்றி, மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டரின் வாயைத் துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சக்கரத்தில் ஈரம் இருந்தால் வீல் சிலிண்டரையோ ஹோஸையோ பார்க்க வேண்டும், மாஸ்டரில் கை வைக்கத் தேவையில்லை.

சந்தையில் கிடைக்கும் பழைய சிலிண்டரைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அது உங்கள் காரைப் போலவே வயதான இன்னொரு காரில் இருந்து வந்தது. உள்ளே எப்படி இருக்கிறது என்று வெளியில் இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. வெயிலில் கிடந்த ரப்பர் வேறு. கதவுக் கைப்பிடி, கண்ணாடி, ஜாக்கி எல்லாம் அங்கே தாராளமாக வாங்கலாம். பிரேக் சாமான் மட்டும் வேண்டாம்.

அப்போது மிச்சம் இருப்பது கிட்டும் புதுசும்தான். கிட்டின் விலை புது அசெம்பிளி விலையில் ஒரு சின்னப் பங்குதான், அதனால்தான் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். ஆனால் கிட்டில் வருவது ரப்பர் கப், வாஷர், சில சமயம் ஸ்பிரிங். சிலிண்டரின் உள்சுவர் பழையதுதான். முடிவு செய்யவேண்டிய இடம் அந்தச் சுவர்.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உள்ளது. டாட் 3 என்ற தர ஆயில் புதிதாக இருக்கையில் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. ஈரம் ஏறிய நிலையில் 140 டிகிரி இருந்தாலே போதும் என்பதுதான் விதி. சிறுமலை வளைவுகளில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதித்து மிதி தளரும், இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். அதே ஈரம் உலோகத்தையும் அரிக்கிறது. பல வருஷம் ஆயில் மாற்றாத காரில் சிலிண்டருக்குள் சின்னச் சின்னக் குழி விழுந்திருக்கும். தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் பாதி தூரம்தான் போகிறது. அதற்கு அப்பால், கப் துடைக்காத பகுதியில் அரிப்பு இன்னும் மோசம். புதுக் கப் அந்தக் குழிமேல் ஏறி இறங்கினால் அதன் உதடு கிழிந்துவிடும், கிட் போட்ட பலனே இல்லாமல் போகும். ஏர் எடுக்கும்போது, அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, மிதியை முழுசாகத் தரைவரை அழுத்துகிறோமே, கப் அந்த அரித்த பகுதிக்குப் போவது அப்போதுதான். மிதிக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைத்துக்கொண்டால் அது நடக்காது.

குழியை உப்புத்தாளால் தேய்த்து, அல்லது ஹோன் என்ற சாணைக் கருவியை உள்ளே ஓட்டிச் சரிசெய்துவிடலாமே என்பார்கள். வார்ப்பிரும்பு சிலிண்டராக இருந்தால் ஓரளவு சரி. அலுமினியமாக இருந்தால் உள்சுவரில் அனோடைஸ் செய்த கடினமான மேல்படலம் இருக்கும். தேய்த்தால் அது போய்விடும், மிச்சம் இருப்பது மெத்தென்ற அலுமினியம். என் சிலிண்டரைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தபோது அடிப்பக்கம் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் குழி. அதோடு கிட் யோசனையை விட்டுவிட்டேன்.

கூலியையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். கழற்றி மாட்டுவது, ஆயில், நாலு சக்கரத்திலும் ஏர் எடுப்பது எல்லாம் இரண்டு வழிக்கும் ஒன்றே. கிட் சீக்கிரம் தோற்றால் இத்தனையும் மறுபடி. அதற்கு நடுவில் கோரிப்பாளையம் நெரிசலில் மிதி இறங்கினால் என்ன ஆகும் என்பதைக் காசில் எழுத முடியாது.

புதுசு வாங்குவதிலும் கவனம் வேண்டும். 800 உற்பத்தி 2014 ஜனவரியிலேயே நின்றுவிட்டாலும் பாகங்கள் கிடைக்கின்றன. மாருதி ஜெனியூன் அல்லது டிவிஎஸ் கிர்லிங் போன்ற பெயர் உள்ள பெட்டியாக, பில்லோடு வாங்குங்கள். பழைய சிலிண்டரைக் கையில் கொண்டுபோய் போல்ட் துளை, குழாய் வாய், உள்விட்டம் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உள்விட்டம் பெரிதாக இருந்தால் மிதி கனக்கும், சிறிதாக இருந்தால் ஆழமாகப் போகும்.

மாட்டும் முன் சிலிண்டரை வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, குமிழ் நிற்கும்வரை பிஸ்டனை மெதுவாகத் தள்ளி ஏர் எடுத்துவிட்டால் பாதி வேலை மிச்சம். பூஸ்டர் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தண்டு முட்டிக்கொண்டிருந்தால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பாது, பிரேக் பிடித்தபடியே இருந்து டிரம் சூடேறும். பாகங்களைக் கழுவ பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். பெயின்ட்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

சரி, கிட்டுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. பிரித்துப் பார்த்து உள்சுவர் கண்ணாடிபோல இருந்தால், அதுவும் கம்பெனி கிட் கிடைத்தால், போடலாம். அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கு நான் அடித்துச் சொல்லமாட்டேன். என் கைப்பழக்கம் மாருதியோடு சரி. அந்த வண்டிகளில் வார்ப்பிரும்பு சிலிண்டராக இருந்து புது அசெம்பிளி கிடைப்பது கஷ்டமென்றால், லேத்தில் உள்சுவரைக் கடைந்து ஸ்லீவ் என்ற புதுக் குழாயைச் செருகிக் கிட் மாற்றுவதும் ஒரு வழி. ஆனால் அதைப் பிரேக் வேலை தெரிந்த லேத்தில்தான் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு மிதியை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். இம்மியளவு இறங்கினாலும் வண்டியைப் பட்டறையை விட்டு எடுக்காதீர்கள்.