கண்ணாடிக் கதவா முற்றமா: ஈசிஆர், பாண்டி, காரைக்குடின்னு மூணு வீடு பாத்த கதை

பெரியப்பா பையன் சிங்கப்பூர்ல 28 வருசம் இருந்துட்டு ரிட்டையர் ஆகி வர்றாரு, அண்ணிக்கு "உள்ளயும் வெளியயும் ஒண்ணா இருக்குற மாதிரி" வீடு வேணுமாம், அதுவும் ரெனவேட் பண்ணி ரெடியா இருக்கணுமாம். சரின்னு நானும் அவங்க ரெண்டு பேரும் மூணு ஊர் சுத்துனோம்.

முதல்ல ஈசிஆர், முட்டுக்காடு தாண்டி ஒரு வில்லா. உள்ள போனதும் வாயப் பொளந்துட்டோம். ஹால்ல ஒரு பக்கம் முழுக்க ஸ்லைடிங் கண்ணாடி, அத தள்ளுனா நேரா டெக், நீச்சல் குளம், அப்பறம் கடல். ஆனா கிழக்கு பாத்த கண்ணாடி, காலைல எட்டு மணிக்கே சோபா சுடுது, கடல் காத்து ஏறுறதுக்கு மத்தியானம் ஆயிடும், அதுவரைக்கும் கதவ சாத்திட்டு ஏசிதான், சாயங்காலம் திறக்கலாம்னு பாத்தா கொசு. அப்ப அந்த கதவ எப்பதான் திறக்குறது? புரோக்கர் பதில் சொல்லல, இளநி வெட்டிக் குடுத்தாரு.

அத விட உப்பு. ரெனவேட் பண்ணி ஒரு வருசம் கூட ஆகலயாம், பால்கனி ஸ்டீல் கம்பில அதுக்குள்ள டீக்கறை மாதிரி புள்ளி. 304 கிரேடு ஸ்டீல் போட்டா கடலோரத்துல இப்பிடித்தான் ஆகும், 316 போட்டிருக்கணும். ஸ்லைடிங் டோர் உருளைல மணலும் உப்பும் சேந்து ரெண்டு ஆளு தள்ள வேண்டியிருக்கு. ஏசி வெளி யூனிட்டோட தகடு உதிருது.

இன்னொண்ணு, சிஆர்இசட், அதாவது கடலோரத்துல என்ன கட்டலாம் எது கூடாதுங்கிற விதி. கடலோரத்துல அனுமதியோட கட்டுன பழைய வீட்ட ரிப்பேர் பண்ணலாம், ஆனா புதுசா கட்டவே கூடாதுன்னு இருக்குற பகுதில வீடு இருந்தா பழைய அளவ தாண்டி பெருசாக்க முடியாது. அந்த டெக்கும் குளமும் ரெனவேஷன்ங்கிற பேர்ல வந்ததா, பிளான்ல இருந்ததான்னு கேட்டேன். "பேப்பர் எல்லாம் பக்காவா இருக்கு சார்"னாங்க. பேப்பர மட்டும் காட்டல.

அடுத்து காரைக்குடி பக்கம் ஒரு செட்டிநாட்டு வீடு. திண்ணை, முகப்பு, நடுவுல முற்றத்தோட இருக்குற வளவு, ரெண்டாங்கட்டுன்னு இந்தத் தெருல நுழைஞ்சா அந்தத் தெருல வெளிய வரலாம். பர்மா தேக்குத் தூணு, ஆத்தங்குடி கல்லு, சுவத்துல கைய வச்சா ஜில்லுனு இருக்கு. கடல் காத்து எட்டாத ஊர்ல கூட வளவு நடுவுல வானம் திறந்து கெடக்குறதால சூடு மேல ஏறிப் போயிடுது. நிழலுக்கு சுத்தி தாழ்வாரம், மழை பெஞ்சா நாலு பக்கமும் கூரைலேர்ந்து வளவுக்குள்ளயே கொட்டும். உள்ளயும் வெளியயும் ஒண்ணுன்னா இதுதாங்க, கதவே வேணாம்.

ஆனா ரெனவேட் பண்ண புண்ணியவான் என்ன பண்ணிருக்காரு, அந்த வளவு மேல பாலிகார்பனேட் ஷீட் அடிச்சு மூடிட்டாரு! மழைக்காம், குரங்குக்காம். குரங்குக்கு பழைய காலத்துலயே இரும்பு கம்பி வலை போட்டிருக்காங்க. இப்ப உள்ள அடுப்பங்கரை மாதிரி வேகுது. சுண்ணாம்புச் சுவத்து மேல பட்டியும் பிளாஸ்டிக் பெயிண்டும் அடிச்சதுல ஈரம் வெளிய போக வழியில்லாம கீழ இருந்து உரியுது. ஷீட்ட கழட்டிடலாம், சுவர சரி பண்றது பெரிய வேல, சுண்ணாம்பு அரைச்சுப் பூசத் தெரிஞ்ச கொத்தனாரத் தேடிப் பிடிக்கணும்.

பத்திரம் இன்னும் தலைவலி. இந்த வீடுங்கள்ல பல தலைமுறை பங்காளிங்களுக்கு பங்கு இருக்கும், ஒருத்தர் மலேசியா, ஒருத்தர் அமெரிக்கா. எல்லாரும் கையெழுத்து போட்டாதான் வீடு நம்ம வீடு. அண்ணி வேற வளவ சுத்தி ஒரு ரவுண்டு வந்துட்டு, "இத தினம் யாரு கூட்டுறது?"ன்னாங்க.

கடைசியா பாண்டி, தமிழ்ப் பகுதில ஒரு வீடு. சின்னது, ரெண்டு பக்கமும் பொதுச்சுவர். தெருவ பாத்து திண்ணை, உள்ள ஒரு முற்றம், மேல மொட்டமாடி, அவ்ளோதான். ரெனவேஷன் பண்ணவங்க முற்றத்த மூடல, மழைத்தண்ணி போற வழிய பெருசாக்கி, தாழ்வார ஓரத்துல மூங்கில் படல் தொங்க விட்டிருக்காங்க, சாரல் அடிச்சா இறக்கிக்கலாம். மெட்ராஸ் டெரஸ் கூரைய, அதான் மர உத்திரத்து மேல செங்கல் அடுக்கி சுண்ணாம்பு போட்ட பழைய கூரை, அப்பிடியே வச்சிருக்காங்க, அந்த உத்திரத்துல கரையான் இருக்கான்னு மட்டும் தட்டிப் பாக்கணும், பெயிண்ட் அடிச்சிட்டா வெளிய தெரியாது. குறைன்னா பார்க்கிங். சனி ஞாயிறு ஊரே டூரிஸ்டு, நம்ம திண்ணைலயே உக்காந்து போட்டோ எடுப்பாங்க.

காசு விசயத்துல ஒண்ணு சொல்லிடுறேன், தமிழ்நாட்டுல முத்திரைத்தாள் 7, பதிவு 2, மொத்தம் 9 சதவீதம், நாலு கோடி வீட்டுக்கு 36 லட்சம் தனியா எடுத்து வைக்கணும். பாண்டி யூனியன் பிரதேசம், அங்க கணக்கே வேற.

எனக்கு பாண்டிதான். ஈசிஆர் லீவுக்கு வாடகைக்கு எடுத்து ரெண்டு நாள் ஆட்டம் போட சரி, குடியிருக்க இல்ல. காரைக்குடி மேல அண்ணனுக்கு இன்னும் ஆசை விடல, நானும் வேணாம்னு சொல்லல, பங்காளிங்க எல்லாரும் கையெழுத்து போட்டா பாக்கலாம். பாண்டி வீட்ட நாங்க பாத்தது சித்திரை வெயில்ல, அதனால ஐப்பசில நல்லா அடிச்சு ஊத்துற நாளா பாத்து இன்னொரு தடவ போய் முற்றத்து தண்ணி எப்பிடி வடியுதுன்னு பாத்துட்டுதான் அட்வான்ஸ்னு சொல்லியிருக்கேன். புரோக்கர் தினம் போன் பண்றாரு.