எந்த வருஷத்து எரிக்சன்? பாளையங்கோட்டை ஜெர்சிக் கடை ஒன்றின் மதிப்புரை

பாளையங்கோட்டையில் வ.உ.சி. மைதானத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், விளையாட்டுச் சட்டைகளை மட்டுமே தைத்தும் அச்சிட்டும் விற்கும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. நம் பக்கத்தில் கால்பந்து ஜெர்சி என்று கேட்டால் பெரும்பாலான கடைகளில் மெஸ்ஸி, ரொனால்டோ என்ற இரண்டு பெயர்களைத்தான் எடுத்துப் போடுவார்கள். வேறு பெயரைச் சொன்னால், கையில் இருக்கும் சட்டையில் ஒட்டித் தருகிறோம் என்பார்கள். இந்தக் கடையில், பதினோராம் வகுப்புப் படிக்கும் என் அக்காள் மகனுக்காகக் கிறிஸ்டியன் எரிக்சனின் ஜெர்சியைக் கேட்டபோது, கடைக்காரர் கழுத்தில் அளவுநாடா தொங்க, "எந்த வருஷத்து எரிக்சன் வேணும் சார்?" என்று திருப்பிக் கேட்டார். கடை எப்படி என்று விசாரிப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கேள்வியைத்தான். அந்த டென்மார்க் ஆட்டக்காரர் எங்கெங்கே, என்னென்ன நிலையில் ஆடினார் என்பதை அறிந்த ஒருவருக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும்.

டென்மார்க் என்றால் தரங்கம்பாடிக் கோட்டையைத் தாண்டி நம்மில் பலருக்கு எதுவும் நினைவுக்கு வருவதில்லை. 1992 பிப்ரவரி 14 அன்று அந்நாட்டின் மிடில்ஃபார்ட் என்ற சிறு நகரில் பிறந்த எரிக்சன், ஓடென்ஸ் அணியின் இளைஞர் பிரிவில் வளர்ந்து, 2008-இல் நெதர்லாந்தின் அயாக்ஸ் அணிக்குப் போனார். 2010 உலகக் கோப்பையில் களம் கண்ட எல்லா நாட்டு வீரர்களிலும் வயதில் இளையவர் அவரே. 2011, 2012, 2013 என அயாக்ஸ் அடுத்தடுத்து வென்ற மூன்று லீக் பட்டங்களிலும் அவருக்குப் பங்குண்டு. அந்த அணியின் சட்டை வெள்ளைத் துணியின் நடுவே அகலமான சிவப்புப் பட்டை கொண்டது. மலிவான நகல்களில் அந்தப் பட்டையை அச்சில் ஏற்றிவிடுவதால் நாலு சலவையில் அது வெளிறிப் போகும். இந்தக் கடையில் சிவப்புத் துணியைத் தனியே வெட்டி, இரு பக்கமும் வெள்ளையோடு இணைத்துத் தைக்கிறார்கள். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் ஓவர்லாக் தையல் கழுத்திலிருந்து கீழ்மடிப்பு வரை ஒரே நேராக இறங்குகிறது.

2013 ஆகஸ்டில் தொடங்கி 2020 ஜனவரி வரை எரிக்சன் ஆடிய, லண்டனின் டாட்டன்ஹாம் அணியின் 23-ஆம் எண் சட்டைதான் இங்கே அதிகம் விற்பதாகச் சொன்னார்கள், அதில் வியப்பில்லை. முந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில், ஓட்டத்தின் வேகத்தையோ உடல்பலத்தையோ நம்பாமல், பந்து எந்த இடத்துக்கு எவ்வளவு விசையில் போய்ச் சேர வேண்டும் என்ற கணக்கை மட்டுமே நம்பி, இரண்டு கால்களாலும் ஒரே நேர்த்தியுடன் பந்து கொடுத்த ஆட்டக்காரர் அவர். 2018 ஜனவரி 31 அன்று வெம்பிளியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 11 விநாடிகளில் அவர் அடித்த கோலைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஆனால் 2019-இல் மாட்ரிட்டில் நடந்த, ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் லிவர்பூலிடம் 2-0 என்று தோற்றதையும் சேர்த்து, அங்கே இருந்த காலம் முழுவதும் ஒரு கோப்பைகூட அவர் கைக்கு வரவில்லை. கோப்பைகளை எண்ணியே ஆட்டக்காரரை எடைபோடுகிறவர்கள் இந்தச் சட்டையை வாங்க வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

சட்டைக்கு வருகிறேன். இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் பெயரும் எண்ணும் அச்சிடும் எழுத்தின் வடிவம் 2017-இல் மாறியது. ஆகவே எரிக்சனின் டாட்டன்ஹாம் சட்டை ஒன்றல்ல, எழுத்தளவிலேயே இரண்டு. கடைக்காரர் இரண்டையும் கணினியில் தனித்தனியாக வைத்திருக்கிறார். நாம் ஆண்டைச் சொன்னால் அதற்குரியதை எடுக்கிறார். சென்னையில் இணையவழி நான் முன்பு வாங்கிய சட்டைகளில் இந்தக் கவனத்தை ஒருபோதும் கண்டதில்லை.

என் மருமகன் கேட்டது டென்மார்க்கின் சிவப்புச் சட்டை, எண் 10. 2017 நவம்பரில் டப்ளினில் அயர்லாந்தை 5-1 என்று வென்று டென்மார்க் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது மூன்று கோல் அடித்தது அந்தப் பத்தாம் எண்தான். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனின் பார்க்கன் அரங்கில், ஃபின்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் முதல் பாதி முடியும் தறுவாயில், பக்கக் கோட்டருகே பந்தை வாங்க வந்த இடத்தில் இதயம் நின்று விழுந்ததும் அந்தப் பத்தாம் எண்தான். அணித்தலைவர் சிமோன் கியர் ஓடிவந்து அவரைச் சரியாகக் கிடத்த, மற்ற வீரர்கள் கேமராக்களுக்கு முதுகைக் காட்டி வட்டமாக நின்று மறைக்க, மருத்துவர்கள் நெஞ்சை அழுத்தியும் மின்னதிர்ச்சி கொடுத்தும் மைதானத்திலேயே அவர் உயிரை மீட்டார்கள். நம் ஊர்ப் போட்டிகளில் ஐஸ் ஸ்பிரேயைத் தவிர வேறெதுவும் இல்லாமல் பிள்ளைகளை இறக்கிவிடுகிறோம் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

கடைச் சுவரில் அந்தச் சட்டைக்கு அடுத்து மாட்டியிருப்பது இன்டர் மிலானின் நீலமும் கறுப்பும், எண் 24. பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு இன்டர் இத்தாலியப் பட்டத்தை வென்ற 2020-21 பருவத்தில் அவர் அங்கே இருந்தார். ஆனால் இதயத்துடிப்பைக் கண்காணித்துத் தேவைப்பட்டால் உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுக்கும் கருவியை, விழுந்த பிறகு அவர் உடலில் பொருத்தினார்கள்; அத்தகைய கருவியோடு ஆட இத்தாலியில் அனுமதி இல்லை என்பதால், 2021 டிசம்பரில் ஒப்பந்தம் முறிந்தது. தையல் விஷயத்தில் இந்தச் சட்டை சுமார்தான். கோடுகள் தோள்பட்டையில் ஒன்றோடொன்று சேரவில்லை.

அதன் பக்கத்தில் லண்டனின் இன்னொரு அணியான பிரென்ட்ஃபோர்டின் சிவப்பு வெள்ளைக் கோடு, எண் 21. இதை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். "வாங்குறவங்க கம்மிதான் சார். அங்க ஆடுனது அரை சீசன். ஆனா இது இல்லாம மத்ததெல்லாம் மாட்டி வச்சா கதை பாதியில நிக்குமே" என்றார். 2022 ஜனவரியில் ஆறு மாத ஒப்பந்தத்தில் பிரென்ட்ஃபோர்டு அவரைச் சேர்த்துக்கொண்டது. பிப்ரவரி 26 அன்று நியூகாசிலுக்கு எதிராக மாற்று வீரராகக் களமிறங்கினார். மார்ச்சில் டென்மார்க் அணிக்குத் திரும்பி, ஆம்ஸ்டர்டாமில் நெதர்லாந்துக்கு எதிராக இறங்கிய இரண்டு நிமிடங்களுக்குள் கோல் அடித்தார். சில நாட்கள் கழித்து, தான் விழுந்த அதே பார்க்கன் அரங்கில் செர்பியாவுக்கு எதிராக இன்னொரு கோல். பிரென்ட்ஃபோர்டு அந்தச் சட்டையை ரசிகர்களின் செலவைக் குறைப்பதற்காக அடுத்த பருவத்துக்கும் மாற்றாமல் வைத்திருந்தது என்பது கூடுதல் தகவல். ஆண்டுக்கு மூன்று சட்டை விற்கும் பெரிய கிளப்புகள் இதைச் செய்வதில்லை. மான்செஸ்டர் யுனைடெட்டின் 14-ஆம் எண்ணும் கடையில் உண்டு. 2023 லீக் கோப்பையையும் 2024 எஃப்.ஏ. கோப்பையையும் வென்ற அணியில் அவர் இருந்தார் என்றாலும், என் கண்ணுக்கு அது களைத்த கால்களின் காலம்.

இனி குறைகள். அச்சிடுமுன் வாட்ஸ்அப்பில் மாதிரி அனுப்புகிறார்கள். அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். எங்களுக்கு வந்த மாதிரியில் பெயரை, பழைய ஸ்வீடன் செல்போன் கம்பெனியின் பெயரைப் போல இரண்டு எஸ் போட்டு எழுதியிருந்தார்கள். மருமகன் உடனே, "மாமா, இது ஸ்வீடன் எரிக்சன்" என்றான். சொன்னதும் மறுபேச்சின்றித் திருத்தினார்கள், ஆனால் பெயரை அடிப்பது கடைக்காரர் அல்ல, உதவிக்கு இருக்கும் பையன். சொன்ன நாளில் சட்டை தயாராக இல்லை என்பதும் உண்மை. மாவட்டப் போட்டிகள் நடக்கும் காலத்தில் பள்ளி அணிகளின் ஆர்டர்தான் முதலில் நகரும். துணி திருப்பூர்ப் பாலியஸ்டர். சாயங்காலம் மைதானத்தில் ஆட நன்றாக இருக்கிறது, சித்திரை வெயிலில் வெளியே போட்டுக்கொண்டு சுற்ற இது ஏற்றதல்ல. ஹீட் பிரஸ்ஸில் ஒட்டிய எண் இதுவரை உரியவில்லை. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் துவைத்து, நிழலில் காயப்போடச் சொன்னார்கள், அப்படியே செய்கிறோம். அளவு சற்று இறுக்கம், ஆகையால் வழக்கமான அளவுக்கு ஒன்று கூட்டி வாங்குவது நல்லது.

சட்டை 550 ரூபாய், பெயருக்கும் எண்ணுக்கும் சேர்த்து 150 ரூபாய். இவை கிளப்புகளின் அதிகாரபூர்வச் சட்டைகள் அல்ல என்பதைக் கடைக்காரர் தாமாகவே சொல்லிவிடுகிறார். அசல்தான் வேண்டும் என்றால் பல மடங்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். தையலின் தரத்துக்கும் எழுத்தில் காட்டும் அக்கறைக்கும் இந்த விலை நியாயமானது. அணிக்கு மொத்தமாகத் தைத்தால் விலை குறையும்.

எரிக்சன் 2025 செப்டம்பரில் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் அணிக்குப் போய்விட்டார். அந்தப் பச்சைச் சட்டை இன்னும் கடைக்கு வரவில்லை. ஐந்து பேர் சேர்ந்து கேட்டால் துணி வரவழைத்துத் தைத்துத் தருவதாகச் சொல்கிறார். இப்போதைக்கு என் மருமகனோடு இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.